ஒரே மூட்டை, இரண்டு கூடை

எங்கள் சந்தையில் அவளுக்கு வைத்த பெயர் நேத்துக்கட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். பதினான்கு வருடமாக அவளுக்கு எதிர்மேடையில் முட்டை விற்கும் நான்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு அவள் அக்கா, மற்றவர்களுக்கு நேத்துக்கட்டு.

யாராவது ஒரு கீரைக்கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் மற்ற வியாபாரிகள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள். இவள் மட்டும், "அது நேத்துக்கட்டும்மா, இதை எடுத்துக்கோ" என்று தானாகவே சொல்லிவிடுவாள். கேட்கிற எனக்கு வயிறு எரியும்.

"ஏன்க்கா, அந்தக் கட்டு வாயைத் தொறந்து நான் நேத்து வந்தேன்னு சொல்லிச்சா? நீ எதுக்கு அதுக்கு வக்காலத்து வாங்குற?"

"வீட்டுக்குப் போய்ப் பிரிச்சா தெரியத்தானே போகுது முட்டைக்காரா. அப்ப திட்டுவாங்க. இப்பவே சொல்லிட்டா திட்டு மிச்சம்."

திட்டு மிச்சமானதோ இல்லையோ, ஜனங்கள் அவளிடம்தான் வந்தார்கள். கீரை மேடைகள் ஆறு இருந்தன. மற்ற ஐந்திலும் கிளறிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வேரை ஒடித்துப் பார்த்து வாங்குவார்கள். இவளிடம் பையை நீட்டி, "ரெண்டு கட்டு போடுங்க" என்பதோடு சரி. வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும், அப்படி ஒரு பெயர் எனக்கு இல்லையே என்று பொறாமையும் உண்டு. ஒளிப்பானேன்.

கீரை அவளுடைய தம்பியின் வயலிலிருந்து வந்தது. அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது பதினாறு. அவனை இடுப்பில் சுமந்து, குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவள்தான். தன் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், இவனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்று தட்டிக் கழித்தே வயதைக் கடத்திவிட்டாள். சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள். தம்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் ஒரு மாதிரி இளகிவிடும். அவனும் அப்படியொன்றும் மோசமானவன் இல்லை. கொஞ்சம் முன்கோபக்காரன், அவ்வளவுதான்.

தம்பியின் கிணறு முதலில் வற்றியது. ஆழப்படுத்தியதும் உப்பு ஏறியது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி இதில் இறைக்கக்கூடாது என்று மூடி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வருடம் அவன் வயலில் புல்கூட இல்லை, அக்கா வெளியூர்க் கீரையை வாங்கித்தான் விற்றாள். அப்புறம்தான் ஊதாக் குழாய் வந்தது. ஊரின் கழிவுநீரையெல்லாம் வாங்கிச் சுத்தம் செய்கிற நிலையம் அவன் வயலுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே தண்ணீரைத் தெளிய வைத்து, மணலில் வடிகட்டி, கிருமி சாக ஏதோ விளக்கொளியில் காட்டி, சுற்றியிருக்கும் நாற்பது வயல்களுக்கு ஊதா நிறக் குழாயில் விடுவார்கள். குடிக்கிற தண்ணீர்க் குழாயோடு குழம்பிவிடக் கூடாது என்றுதான் அந்த நிறமாம். ஒருநாள் தம்பி அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துக்கொண்டுவந்து காட்டினான். என் வீட்டுக் குழாயில் வருவதைவிடத் தெளிவாக இருந்தது. குடித்துப் பார்த்தாயா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

கீரை கருகருவென்று வளர்ந்தது. கூடவே ஒரு உத்தரவும் வந்தது. மறுசுழற்சி நீரில் விளைந்ததை விற்பவர்கள் அதை எழுதிப் பலகை தொங்கவிட வேண்டும், மாதாமாதம் வரும் ஆய்வுத் தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். மற்றவர்கள் பலகையைத் தராசுக்குப் பின்னால் மாட்டினார்கள். இவள் நட்டநடுவில், வருகிறவர் மூக்கில் இடிக்கிற உயரத்தில் மாட்டினாள்.

சரியாகப் பதினைந்து நாள். அவளிடம் பையை நீட்டியவர்கள் பலகையைப் பார்த்தார்கள், பையைச் சுருட்டிக்கொண்டார்கள். ஆய்வுத் தாளை ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை. "கக்கூஸ் தண்ணியாமே" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார்கள். ஈரச் சாக்குக்கு அடியில் கீரை மஞ்சளாகி, வழவழத்து, மத்தியானம் குப்பைத்தொட்டிக்குப் போனது. தம்பி காலையில் மூட்டையை இறக்கும்போது, "நேத்து எல்லாம் போச்சாக்கா?" என்று கேட்பான். இவள் தலையாட்டுவாள். அதுதான் அவள் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

பதினாறாம் நாள் டீச்சர் வந்தார். பக்கத்துத் தெருப் பள்ளியில் வேலை, நல்ல மனுஷி. பலகையைப் படித்துவிட்டு, முகத்தைச் சுளிக்காமல், வருத்தமாகவே கேட்டார்: "உங்களை விட்டுட்டுப் போக மனசு வரலைங்க. கிணத்துத் தண்ணிக் கீரை ஏதாவது இருக்கா?"

அக்காவின் வலதுபக்கம் அப்போதுதான் பிரித்த ஒரு கூடை இருந்தது. பலகை இடதுபக்கக் கூடைக்கு மேலே தொங்கியது. அவள் வாயைத் திறக்கவில்லை. வலதுபக்கம் கையை மட்டும் காட்டினாள். டீச்சர் நிம்மதியாக மூன்று கட்டு எடுத்துக்கொண்டார்.

எதிர்மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாடா, இப்பத்தான் நீ வியாபாரி ஆன" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அது ஒழுங்காக நடந்தது. விடிந்ததும் தம்பியின் வண்டி வரும், ஒரு மூட்டை இறங்கும். அவள் அதைப் பிரித்து இரண்டு கூடையிலும் அடுக்குவாள். இடதுபக்கக் கூடைக்குப் பலகை. வலதுபக்கத்துக்கு எதுவும் இல்லை. "கிணத்துத் தண்ணின்னு நான் எங்கயும் எழுதலையே" என்பாள் என்னிடம். இன்னொரு சமாதானமும் வைத்திருந்தாள். இரண்டுக்கும் ஒரே விலை. "கூட வெச்சு வித்தாத்தானே ஏமாத்து" என்பாள். நான் கேட்காமலே சொல்வாள்.

வலதுபக்கக் கூடை பத்து மணிக்கே காலியாகிவிடும். இடதிலிருந்து நைசாகக் கொஞ்சம் எடுத்து அதை நிரப்புவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், "கிணத்துத் தண்ணிக்கு ஒரு தனி ருசி உண்டு, என் நாக்குல பட்டாலே தெரிஞ்சிடும்" என்று நாலு பேர் கேட்க அடித்துவிடுவார். எனக்கு அடக்கி அடக்கி விலா வலிக்கும். டீச்சரின் மகளுக்கு வயிற்றில் ஆப்பரேஷன் ஆன சமயத்தில், டீச்சர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது கிணத்துத் தண்ணிதானே?" என்று கேட்டார். "ஆமா டீச்சர்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடை கட்டும்போது அக்கா தன் சமையலுக்கு ஒரு கட்டு எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். அதை எப்போதும் வலதுபக்கக் கூடையிலிருந்தே எடுத்தாள். பல நாள் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேன்.

"ஏன்க்கா, ரெண்டையும் ஒரே மூட்டையிலிருந்து பிரிச்சது நீதானே?"

அவள் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியும்டா. என்னமோ கை அங்கதான் போகுது."

இடதுபக்கக் கூடையில் தெரிந்தே கை வைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி சுத்திகரிப்பு நிலையத்தில் தண்ணீர் ஆய்வு செய்கிற பெண். முப்பது வயதிருக்கும். லேப் பொண்ணு என்போம். பலகைக்குக் கீழே நின்று, ஒரு இலையைக் கிள்ளி, எல்லோரும் பார்க்க வாயில் போட்டு மெல்லுவாள். "நானே தினம் சோதிக்கிற தண்ணிங்க. பயப்படாதீங்க" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்லிப் பார்ப்பாள். அவர்கள் புன்னகையோடு வலதுபக்கம் நகர்ந்துவிடுவார்கள். அவள் முகம் விழுந்துவிடும். அக்கா குனிந்து சாக்கில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள்.

வினை லேப் பொண்ணு வழியாகத்தான் வந்தது, அதுவும் நல்லெண்ணத்தில். இரண்டு வருடம் ஆனபோது, இந்தத் தண்ணீரில் விளைந்ததை ஜனங்கள் ஏற்கிறார்களா என்று கணக்கெடுக்க மேலிடத்தில் முடிவு செய்தார்கள். லேப் பொண்ணு துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உங்க கடை மாதிரி ஒண்ணு தேடினாலும் கிடைக்காது. அதே கீரை, அதே விலை, அதே ஆள். தண்ணி மட்டும்தான் வேற. ஆறு நாள் உக்காந்து யார் எதுல எடுக்குறாங்கன்னு எண்ணிக்கிறோம். அவ்வளவுதான்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் முட்டையைத் துடைக்க ஆரம்பித்தேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை அவளுக்கு. உண்மைக் காரணம் ஒன்றுதான் இருந்தது. "எண்ணிக்கோங்கம்மா" என்றாள்.

ஆறு நாள் காலையும் ஒரு பெண் என் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தாளில் கோடு கோடாகப் போட்டாள். அந்த ஆறு நாளும் அக்கா இடதுபக்கத்திலிருந்து ஒரு கட்டுகூட வலதுபக்கம் மாற்றவில்லை. வலது காலியானதும் காலியாகவே கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, கீரையே வேண்டாம் என்று திரும்பிப் போனவர்களுக்கும் அந்தப் பெண் ஒரு கோடு போட்டாள்.

மூன்று வாரம் கழித்து லேப் பொண்ணு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"பத்துல ஒருத்தர்தான் எங்க கூடையைத் தொடுறாங்கன்னு அறிக்கை எழுதிட்டாங்க. ஜனங்களுக்கு வேண்டாம்னா விவசாயத்துக்கு எதுக்குன்னு, தண்ணியைத் தொழிற்பேட்டைக்கு மாத்தப் போறாங்க. அடுத்த மாசத்திலிருந்து வயலுக்குக் கிடையாது. புதன்கிழமை நகராட்சி மண்டபத்துல கருத்துக் கேட்குறாங்க. சும்மா ஒப்புக்குத்தான்."

மத்தியானம், சந்தை வெறிச்சோடியதும், அக்கா மேடையிலிருந்து மெல்ல இறங்கி என்னிடம் வந்தாள். பதினான்கு வருடத்தில் அவளாக என் பக்கம் வந்தது நாலைந்து முறை இருக்கும். முழங்கால் வலி.

"தம்பி குழாயை நான்தான்டா அடைச்சிருக்கேன்" என்றாள்.

"நீ ஏன்க்கா அப்படி நினைக்கிற? ஜனங்களுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்."

"பிடிக்காமலா ரெண்டு வருஷம் சாப்பிட்டாங்க? அதைப் போய்ச் சொல்லிட்டா?"

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "உனக்கென்ன பைத்தியமா? கமுக்கமா இரு. உன் பேரு ஒண்ணுதான் உன்கிட்ட இருக்கு. அதையும் கொண்டுபோய் மைக்ல கொட்டிட்டு வரப் போறியா? தம்பி வேற ஏதாவது பொழைப்பு பாத்துக்குவான், ஆம்பளைப் பிள்ளை."

"அவனுக்கு வேற எதுவும் தெரியாதுடா. நான் கத்துக் குடுக்கலையே" என்றாள். அப்போது அவளை அதட்டியாவது நிறுத்தியிருக்கலாம். அவள் போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை நானும் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். நீளமான மண்டபம். மேலே ஒரு மின்விசிறி மட்டும் கடகடவென்று சுற்றியது. மேஜைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். பின்வரிசையில் தம்பியும் மற்ற விவசாயிகளும். முன்வரிசையில் வாடிக்கையாளர்கள் சார்பாக டீச்சர், தபால்காரர், இன்னும் சிலர். டீச்சர் எழுந்து, நிதானமாகத்தான் பேசினார். ஆய்வு சரியாகவே இருக்கலாம், ஆனால் எது வேண்டும் எது வேண்டாம் என்று முடிவு செய்கிற உரிமை சாப்பிடுகிறவர்களுக்கு வேண்டும், எங்கள் சந்தையில் ஒரு அம்மா இரண்டையும் நேர்மையாகப் பிரித்து வைத்து விற்கிறார், அது போதும், என்றார். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கும் முன்பே அக்கா எழுந்துவிட்டாள். மைக் வரைக்கும் நடக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

"ஐயா, ரெண்டு கூடையும் ஒண்ணுதான்."

"என்னம்மா?"

"ரெண்டும் ஒரே மூட்டை. ரெண்டும் ஊதாக் குழாய்த் தண்ணி. கிணத்தை நீங்கதானே வந்து மூடிட்டுப் போனீங்க. ரெண்டு வருஷமா பொய் சொல்லி வித்தேன். நீங்க எண்ணினது பூரா என் பொய்யைத்தான். இந்த ஊரு ரெண்டு வருஷமா அந்தத் தண்ணிக் கீரையைத்தான் சாப்பிட்டுருக்கு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. தண்ணியை நிறுத்திடாதீங்க."

நடுவில் இருந்த இளம் அதிகாரி முன்னால் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. புதையல் கிடைத்த மாதிரி இருந்தார்.

"ருசி மாறிப்போச்சுன்னு யாராவது புகார் சொன்னாங்களா?"

"இல்லைங்க. ருசியா இருக்குன்னுதான் சொன்னாங்க."

யாரோ சிரித்தார்கள். தபால்காரர் எழுந்து, "எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார். அதிகாரி வேகவேகமாக எழுதிக்கொண்டார்.

டீச்சர் திரும்பினார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் ஒரு பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என் பொண்ணுக்கு ஆப்பரேஷன் ஆனப்ப உங்க கையைப் பிடிச்சு ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னேன்."

"அவளுக்கு ஒண்ணும் ஆகல. தண்ணி நல்ல தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டும். நான் வேண்டாம்னு சொன்னதை, எனக்கே தெரியாம, என் கையாலயே அவளுக்கு ஊட்ட வெச்சுட்டீங்களே. இதுக்கு எந்தத் தாள்ல ஆய்வு இருக்கு?"

அக்கா நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அந்த வெட்கம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. லேப் பொண்ணு சுவரோரமாக நின்றவள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். பிறகு எங்கள் சந்தைப் பக்கமே அவளைக் காணோம்.

தண்ணீரை நிறுத்தவில்லை. இரண்டு வருடம் ஒரு ஊரே சாப்பிட்டது என்பதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் அவர்களுக்கு? நாற்பது வயலுக்கும் ஊதாக் குழாய் இன்றைக்கும் ஓடுகிறது. தம்பி மறுநாள் சந்தைக்கு வந்தான், மூட்டை இல்லாமல்.

"உன்னை யாரு பேசச் சொன்னா?" என்றான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"தண்ணி வருதுல்லடா?"

"வருது. கீரையை எவன் வாங்குவான்? என் வயல் பேரைச் சொன்னாலே காறித் துப்புறானுங்க. கூடையைப் பிரிச்சு வெக்கச் சொல்லி நான் கேட்டேனா? அதைப் போட்டு உடைக்கச் சொல்லியும் நான் கேக்கல. எல்லாம் நீயாத்தானே செஞ்ச?"

இப்போது அவன் கீரை லாரி ஏறித் தூரத்துப் பெருநகரத்துக்குப் போகிறது. அங்கே எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்களாம், எந்தத் தண்ணீர் என்று கேட்பதில்லையாம். அக்காவைப் பார்க்க அவன் வருவதில்லை. குழந்தைகளை மட்டும் மாதம் ஒருமுறை அவன் மனைவி கூட்டிக்கொண்டு வருகிறாள்.

அக்கா மேடையை விடவில்லை. வேறொரு ஊரிலிருந்து கீரை வாங்கி வைக்கிறாள். நானே அவளோடு போய்ப் பார்த்தேன், அங்கே நிஜமாகவே கிணறு இருக்கிறது, படி வைத்த பெரிய கிணறு. "இது கிணத்துத் தண்ணிம்மா" என்று சொல்கிறாள். கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள். முன்பெல்லாம் ஒரு கையசைப்புக்கு நம்பியவர்கள். பத்து கட்டு வாங்கி வந்தால் ஏழு கட்டு வாடுகிறது.

அந்தக் கூத்துக்குப் பிறகு சந்தை முழுக்க ஜனங்களுக்கு ஒரு கேள்வி தொற்றிக்கொண்டது. தக்காளிக்காரனைக் கேட்கிறார்கள், வெங்காயக்காரியைக் கேட்கிறார்கள். போன வாரம் என் முறை. கைக்குழந்தையோடு ஒரு பெண், புது முகம். முட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, உங்க கோழிங்க எந்தத் தண்ணி குடிக்குது?"

"கிணத்துத் தண்ணிதாம்மா" என்றேன்.

யோசிக்கவே இல்லை. மூச்சு விடுகிற மாதிரி வந்துவிட்டது. முட்டை எனக்கு வேனில் வந்து இறங்குகிறது, அந்தப் பண்ணையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பெண் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே ஒரு டஜன் வாங்கிப் போனாள்.

நிமிர்ந்தபோது எதிர்மேடையில் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முட்டைத் தட்டுகளை அடுக்கினேன், அடுக்கினதையே மறுபடி அடுக்கினேன். கடைசியில் அவள்தான் கேட்டாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அங்க கிணறு இருக்காடா?"

"தெரியாதுக்கா" என்றேன்.